மணமில்லாத நஞ்சு

போதைக்கு எதிராகக் கொங்கு நாடு நடத்திய போர் தேச சரித்திரத்தில் இடம் பெற்றது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை அமுலுக்குக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். அந்நாளில் பகைவன் கண்ணுக்குத் தெரிந்தான். கள்ளுக்கடை தெருவில் இருந்தது, குடித்தவன் தள்ளாடினான், வாயின் நாற்றமே அவனைக் காட்டிக் கொடுத்தது. இன்று நம் வாலிபர்களைத் தேடி வந்திருக்கும் நஞ்சுக்கு நாற்றமில்லை, புட்டியில்லை. சட்டைப் பையில் அடங்கும் மாத்திரை அட்டையாக அது வீட்டுக்குள் நுழைகிறது. பெற்றவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை.

வலிநிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்களைக் கோயம்புத்தூரில் போலீஸார் கைது செய்த செய்திகள் சில வருஷங்களாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் அடிக்கடி அடிபடும் பெயர் டாபென்டடால். கடும் வலியால் துடிப்பவர்களுக்கு டாக்டரின் சீட்டின் பேரில் கொடுக்கவேண்டிய மருந்து அது. அதைப் பொடித்து நீரில் கரைத்து இரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் கொடிய பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் கலந்துள்ள மாவுப் பொருள்கள் இரத்தத்தில் கரைவதில்லை. நுண்ணிய குழாய்களை அவை அடைத்துவிடுகின்றன. ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கிறது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி நோயும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகின்றன.

மார்பின், ஹெராயின், டிராமடால், டாபென்டடால் ஆகிய யாவும் அபினியின் குணமுடைய ஒரே இனம். அந்த இனத்தில் மிகக் கொடியவற்றுள் ஒன்று ஃபென்டனில். பெல்ஜியம் தேசத்து டாக்டர் பால் ஜான்சன் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய இம்மருந்து, ரண சிகிச்சை அறையிலும் புற்றுநோயாளியின் படுக்கையருகிலும் இன்றும் பெரிய உபகாரம் செய்துவருகிறது. ஆனால் அதன் வேகம் மார்பினைப் போல் ஏறக்குறைய 100 மடங்கு. 2 மில்லிகிராம், அதாவது உப்புக்கல் சிலவற்றின் அளவு, ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானது. அமெரிக்காவில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் மாத்திரைகளில் இதைக் கலந்து விற்றார்கள். அங்கே 2022-இல் மட்டும் போதைப் பொருள்களால் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது ஃபென்டனிலும் அதன் இனத்துச் செயற்கை மருந்துகளுமே.

அது அமெரிக்காவின் வியாதி, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 2018-இல் இந்தூர் நகரில் கள்ளத்தனமாக நடந்த ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து மத்திய வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் கைப்பற்றிய ஃபென்டனில் சுமார் 9 கிலோ. மேலே சொன்ன அளவில் கணக்கிட்டால் அது 45 லட்சம் உயிர்களுக்கான நஞ்சு. இந்தியாவில் அபினி இனப் பொருள்களை உபயோகிப்பவர்கள் சுமார் 2.26 கோடிப் பேர் என்று 2019-இல் வெளியான தேசிய ஆய்வு கூறியது. நஞ்சு செய்யும் கையும் இங்கே உண்டு; அதை வாங்கும் கையும் இங்கே உண்டு. வெள்ளம் தலைக்குமேல் போன பிறகு அணை கட்டுவது விவேகிகளின் செயலன்று.

இந்த நஞ்சு எவ்விதம் கொல்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மூச்சை நடத்துவது மூளையின் ஒரு பகுதி. அபினி இன மருந்து அளவு மிஞ்சினால் அப்பகுதி மந்தமடைந்து, மூச்சு விடவேண்டும் என்பதையே உடல் மறந்துவிடுகிறது. கூச்சலில்லை, துடிப்பில்லை. பார்ப்பவர்களுக்கு உறங்குவதுபோல் தோன்றுகிறது. "களைப்பில் தூங்குகிறான், எழுப்பவேண்டாம்" என்று போர்வையைப் போர்த்திவிட்டு விலகுகிறார்கள். விடிந்து பார்த்தால் உடல் குளிர்ந்திருக்கிறது.

ஆகவே அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உரக்க அழைத்தாலும், உலுக்கினாலும், மார்பெலும்பின்மீது முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாலும் கண் விழிக்காமலிருப்பது முதல் அடையாளம். நல்ல நிலையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை ஓடும் மூச்சு மிகவும் குறைந்துபோவது, விட்டுவிட்டு வருவது, தொண்டையில் நீர் கொப்பளிப்பதுபோன்ற ஓசையுடன் வருவது இரண்டாவது. அந்த ஓசையைக் குறட்டை என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். உதடும் நகக்கண்ணும் நீலம் அல்லது சாம்பல் நிறமாவது மூன்றாவது. கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருப்பது நான்காவது. நான்கும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கலாகாது. விழிப்பில்லை, மூச்சு குறைகிறது என்று கண்டவுடனே செயலில் இறங்க வேண்டும்.

முதற் காரியம் 108-க்குத் தகவல் சொல்வது. பிறகு, மூச்சு ஓடிக்கொண்டிருந்தால், வாந்தி மூச்சுக் குழலை அடைக்காதபடி அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தாலோ நிற்கும் தறுவாயிலிருந்தாலோ, மல்லாத்தி, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, 5 விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். நாடியும் நின்றிருந்தால் மார்பின் நடுவே விரைவாக அழுத்தவேண்டும்; தொலைபேசியில் பேசுவோர் சொல்லும் முறைப்படி செய்யலாம். தலையில் தண்ணீர் கொட்டுவதும், மோரோ உப்பு நீரோ புகட்டுவதும், கைத்தாங்கலாக நடத்துவதும் பயனற்றவை. சில வேளை அவையே உயிருக்கு உலையாகும். உதவி வரும்வரை அவனைத் தனியே விடாதீர்கள். மாத்திரை அட்டை கிடைத்தால் எடுத்துச் சென்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நலோக்சோன் என்னும் மாற்று மருந்தை உரிய நேரத்தில் ஊசியாகக் கொடுத்தால், நின்ற மூச்சு சில நிமிஷங்களில் திரும்புகிறது. அதன் வேகம் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடக் கூடும். நஞ்சோ உடலில் தங்கியிருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்கு அழைத்துவருவது பெரும் பிழை.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். பழக்கத்தைச் சில காலம் விட்டிருந்து, சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ திரும்பியவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால், உடல் அதைத் தாங்காது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் அபாயம் பன்மடங்கு.

நிற்க. இவ்வளவும் அறிந்தவர்கள்கூடச் சமயத்தில் உதவியை அழைக்கத் தயங்குவது ஏன்? காரணங்கள் இரண்டு. ஒன்று போலீஸ் பயம், மற்றொன்று மானம். கூட இருந்த நண்பர்கள், "நம்மையும் பிடிப்பார்கள்" என்று அஞ்சி ஓடிவிடுகிறார்கள். வீட்டாரோ, "ஊர் என்ன சொல்லும், தங்கையின் கல்யாணம் என்னாகும்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மாத்திரை பாதி கொல்கிறது. இந்தப் பயமும் வெட்கமும் மீதியைக் கொல்கின்றன என்று சொல்வது மிகையாகாது.

முதற் பயத்தைப் போக்கவேண்டிய பொறுப்பு சர்க்காருடையது. சாலை விபத்தில் அடிபட்டவனுக்கு நல்லெண்ணத்தோடு உதவியவனை வழக்கில் சிக்கவைக்கலாகாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். போதைப் பழக்கமுள்ளவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறு அளவுக் குற்றங்களுக்கு விலக்கு அளிக்க 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலேயே 64-ஏ பிரிவு இருக்கிறது. அந்தக் கருணையை இன்னும் ஓரடி நீட்டி, மயங்கிக் கிடப்பவனுக்காக 108-ஐ அழைத்தவன்மீதும், அழைப்பின் பேரில் காப்பாற்றப்பட்டவன்மீதும், உபயோகித்த குற்றத்துக்காக வழக்குப் போடுவதில்லை என்று சர்க்கார் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். அமெரிக்காவில் பல ராஜ்யங்கள் இவ்விதச் சட்டம் செய்துள்ளன. விற்பவனைச் சட்டம் தன் முழுப் பலத்தோடும் தண்டிக்கட்டும். விழுந்தவனைத் தூக்குபவனைத் தண்டிக்கலாகாது. 108 வண்டி ஒவ்வொன்றிலும், தாலூகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் நலோக்சோன் எப்போதும் கைவசம் இருக்கவேண்டும் என்பதும் நமது கோரிக்கை.

இரண்டாவது தடை நம்முடையது. அதைச் சர்க்கார் நீக்க முடியாது. சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் மருந்துக் கடைக்காரர், சில ரூபாய் லாபத்துக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையை விற்கிறார் என்பதை அவருடைய சங்கமே அவருக்கு உணர்த்தட்டும். கல்லூரிகளும் விடுதிகளும் தங்கள் பெயர் கெடுமென்று மறைப்பதை விட்டு, மேலே கூறிய அடையாளங்களை ஒவ்வொரு அறைச் சுவரிலும் எழுதி ஒட்டட்டும். மில் தொழிலாளர் சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் தங்கள் கூட்டங்களில் இதைப் பேசட்டும். பழக்கத்தை விட விரும்புவோருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் 14446 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது என்பதை ஊரெங்கும் சொல்லட்டும்.

நூறாண்டுக்கு முன்பு ஈரோட்டு வீதியில் கடைக்கு முன் நின்ற பெண்மணிகள், ஊர் என்ன சொல்லும் என்று வீட்டுக்குள் ஒடுங்கி இருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பங்கு போதும். மானம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். மூச்சு நின்ற மகனை மீட்க முடியாது. கதவைத் திறவுங்கள், உதவியை அழையுங்கள்.