வினிகர் பாட்டிலில் ஜவ்வு படர்வது ஏன்?

கேள்வி: கொப்பரைக் களத்தில் வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் வினிகர் தயாரிக்கிறோம். பாட்டிலில் அடைத்த 2 மாதங்களில் மேலே ஜவ்வு படர்ந்து, புளிப்பும் குறைவதால் கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், பொள்ளாச்சி.

பதில்: அந்த ஜவ்வு, வினிகரை உருவாக்கும் பாக்டீரியாக்களின் படலம்தான். தயாரிக்கும்போது அவற்றுக்குக் காற்று தேவை. அடைத்த பிறகு காற்றுதான் எதிரி. ஆல்கஹால் தீர்ந்த பிறகும் காற்று கிடைத்தால், அமிலத்தையே தின்னத் தொடங்கிவிடும். புளிப்பு குறைவது இதனால்தான்.

வினிகரைத் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள், கொதிக்கவிட வேண்டாம். அலுமினியம், பித்தளை கூடாது. வெந்நீரில் சூடேற்றிய கண்ணாடி பாட்டிலில், சூட்டோடு கழுத்துவரை நிரப்பி உடனே மூடுங்கள். தகர மூடியை அமிலம் அரித்துவிடும். பிளாஸ்டிக் மூடி அல்லது புதிய தக்கை நல்லது. தக்கைமேல் மெழுகை உருக்கி ஊற்றினால் காற்று புகாது. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

சர்க்கரை நொதித்து முடிவதற்கு முன் இறுக்கி மூடினால், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும், கவனம்.

திரும்பி வந்த பாட்டில்களில் பூஞ்சணம் இல்லையென்றால், அந்த ஜவ்வை அடுத்த தயாரிப்புக்கு உறையாக ஊற்றலாம். விற்பனைக்குரிய வினிகரில் குறைந்தது 3.75 சதவிகிதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். அதைப் பரிசோதித்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற பிறகே கடைக்குக் கொடுங்கள்.