முயலுக்கு முன்னால் போனவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நாலாம் வகுப்பு. ராத்திரி கதை சொல்லச் சொன்னாள். எனக்குத்தான் கைவசம் ஒன்று இருக்கிறதே, சிங்கமும் முயலும்! சிங்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் வகுப்பில் மேசையைத் தட்டிக் கர்ஜிப்பேனே, அதே மாதிரி கட்டிலைத் தட்டிக் கர்ஜித்தேன். சிரித்தாள். "சரி, இந்தக் கதையில இருந்து என்ன தெரியுது?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அம்மாச்சி, முயலுக்கு முன்னாடி போனவங்க பேரெல்லாம் என்ன?" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 34 வருஷம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். புத்திமான் பலவான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். முயலுக்கு முந்தின நாள் ஒன்று போயிருக்கும், அதற்கு முந்தின நாள் ஒன்று போயிருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கதையை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

பஞ்சதந்திரத்தில் அந்த ஒப்பந்தத்தைச் சிங்கம் கொண்டுவரவில்லை. மிருகங்களே கூடிப் பேசி, "ராஜாவே, நீங்கள் கண்டபடி வேட்டையாட வேண்டாம், தினம் ஒருவரை நாங்களே அனுப்பிவைக்கிறோம்" என்று கும்பிட்டுச் சொல்கின்றன. சிங்கமும் சரி என்கிறது. ஒருநாள் தவறினாலும் எல்லாரையும் தீர்த்துவிடுவேன் என்றும் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் முறைப்படிதான். கூட்டம் போட்டாயிற்று, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்று, முறை வைத்தாயிற்று. இதைச் சட்டம் என்று சொல்லலாமா? போன மிருகம் சம்மதித்துத்தான் போனது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது என்பது என் கட்சி. "மாட்டேன்" என்று சொல்ல வழி இருந்தால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு. மாட்டேன் என்றால் ஊரே சாகும் என்கிற இடத்தில் சொன்ன "சரி"யை எந்த நீதிமன்றமும் ஏற்காது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே அதை எழுதிவைத்திருக்கிறது. மிரட்டி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்துகொள்ளலாம். முயல் செய்தது வேறென்ன? ரத்துதான் செய்தது, கிணற்றை வைத்து.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சாரிடம் போனில் இதைச் சொன்னேன். "டீச்சர், சிங்கம் புல்லா தின்னும்? இயற்கை அப்படி" என்று சிரித்தார். காட்டுச் சிங்கத்தை நான் குறை சொல்லவே இல்லை. முதுமலைப் புலி மானைப் பிடித்தால் அது பாவமும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் கதைச் சிங்கம் பேசுகிறது. கணக்குப் பார்க்கிறது, நிபந்தனை போடுகிறது, இரை நேரத்துக்கு வராவிட்டால் விளக்கம் கேட்கிறது. வாய் வந்து, நியாயம் பேசத் தெரிந்த பிறகு, "என் இயற்கை" என்று ஒதுங்க முடியாது. பேசத் தெரிந்தவனிடம் கேள்வி கேட்கலாம்.

இதே மாதிரி ஒப்பந்தம் மகாபாரதத்திலும் இருக்கிறது. ஏகசக்கரம் என்ற ஊர், பகாசுரன். ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, அதை ஓட்டிப் போகிற ஆள், மூன்றும் அவனுக்கு. வீட்டுக்கு வீடு முறை. பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு முறை வந்தபோது அந்த வீட்டுக்காரர் அழுதுகொண்டே ஒன்று சொல்வார்: எனக்குப் பதிலாக ஓர் ஆளை விலைக்கு வாங்கி அனுப்பக் கையில் பணம் இல்லையே என்று. பாருங்கள், முறை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பணம் இருந்தால் வேறொருவன் தலையை அனுப்பலாம். காக்க வேண்டிய அரசன் காக்கவில்லை என்ற புலம்பலும் அதில் வருகிறது. அப்பா நான் போகிறேன் என்கிறார், அம்மா நான் என்கிறாள், மகள் நான் என்கிறாள். பேச்சுகூட சரியாக வராத சின்னப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, இதாலேயே அரக்கனைக் கொல்வேன் என்கிறான். அந்த வீட்டில் ஒப்பந்தத்தையே எதிர்த்துப் பேசியவன் அவன் ஒருவன்தான். பெரியவர்கள் எல்லாரும் யார் போவது என்றுதான் பேசினார்கள்.

பலசாலியையும் கட்டுகிற சட்டம் கதைகளில் இல்லவே இல்லையா என்று தேடினேன். கிப்ளிங் எழுதிய காட்டுப் புத்தகம், மௌக்லி கதை, உங்களில் பலர் டிவியில் பார்த்ததுதான். 1895-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் ஒரு பஞ்ச காலம் வருகிறது. ஆறு வற்றி ஒரு பாறை வெளியே தெரிந்ததும் யானை ஹாத்தி தும்பிக்கையைத் தூக்கித் தண்ணீர்ச் சமாதானம் அறிவிக்கிறது. அதன்பிறகு தண்ணீர்த் துறையில் யார் யாரைக் கொன்றாலும் மரண தண்டனை. புலியும் மானும் ஒரே ஆற்றில் குடிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் மான் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அடங்க வேண்டியது புலிதான். சிங்கத்தின் ஒப்பந்தத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சிங்கம் விட்டுக்கொடுத்தது என்ன? அலைகிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

சரி, யாருமே மிரட்டாமல் இரையே மனசார ஒத்துக்கொண்டால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மருமகன் அலமாரியில் கிடந்த இங்கிலீஷ் புத்தகம், டக்ளஸ் ஆடம்ஸ் 1980-ல் எழுதியது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பிரபஞ்சத்தின் கடைசியில் ஒரு ஹோட்டல். அங்கே மாடு மாதிரி ஒரு பிராணி மேசைக்கே வந்து, என் உடம்பில் எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும். தன்னைத் தின்னச் சொல்லி ஆசைப்படுகிற மாதிரியே, அதை வாய்விட்டுச் சொல்கிற மாதிரியே வளர்த்த இனம். சாப்பிட வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் வயிற்றைப் புரட்டுகிறது. மற்றவர்களுக்கு அவர் ஏன் சங்கடப்படுகிறார் என்றே புரியவில்லை. விருப்பமில்லாத மாட்டைத் தின்பதற்கு இது மேல் இல்லையா என்று கேட்கிறார்கள்.

நகைச்சுவைக்கு எழுதியதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள், தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தியைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலைமை. அப்பா அக்காவைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமாத்தா?" என்று கேட்டார். "தங்கச்சி படிக்கட்டும்ப்பா, எனக்குப் படிப்பே ஏறல" என்றாள் அக்கா. வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவள் அவள். தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனாள். அந்தக் கூலியும் சேர்ந்துதான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அக்கா தியாகம் பண்ணினாள் என்று எல்லாரும் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். "நானா விரும்பித்தானே போனேன்" என்று அக்காவும் சொல்வாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாகத் தூங்கி, விட்டுக்கொடுத்தால்தான் நல்ல பிள்ளை என்று கேட்டே வளர்ந்தவளிடம் போய்ச் சம்மதமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை, வறுமை. கேட்ட விதத்தைச் சொல்கிறேன். என்னை அவர் கேட்கவே இல்லை. விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்ற கேள்வி ஒரு பக்கம் மட்டும்தான் போனது.

இனி மாணவர்களுக்கு. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் தூக்க, கக்கூஸ் கழுவ ஆள் வேண்டும் என்றால் நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யாரெல்லாம் வர்றீங்க?" என்றுதான் கேட்பேன். நல்ல டீச்சர் என்ற நினைப்பு! எந்த வருஷமும் அதே நாலைந்து கைகள்தான் தூக்கும், ஊரின் கடைசித் தெருப் பிள்ளைகள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கை தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். "தானா வந்து செய்றாங்க" என்று ஹெச்.எம்.மிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், மன்னிப்புக் கேட்கிறேன் அப்பா. அன்றைக்கு வகுப்பு மொத்தத்துக்கும் முறை போட்டிருக்க வேண்டும், முதல் முறைக்கு என் பேரை எழுதியிருக்க வேண்டும்.

அப்படியானால் உண்மையான சம்மதமே கிடையாதா? இருக்கிறது. ஹர்ஷர் எழுதிய நாகானந்தம் என்ற சமஸ்கிருத நாடகத்தில் பார்க்கலாம். கருடன் பாம்புகளை மொத்தமாக அழித்துவிடுவானோ என்று பயந்து, தினம் ஒரு நாகத்தை அனுப்புகிறேன் என்று வாசுகி ஒப்பந்தம் போட்டிருக்கிறான். அதே சிங்கக் கதைதான். ஜீமூதவாகனன் என்ற அரசகுமாரன் அந்தப் பக்கம் போகிறான். வெள்ளையாக மலைபோல் ஏதோ தெரிகிறது. கிட்டப் போனால் எல்லாம் எலும்பு, இதுவரை போன நாகங்களின் எலும்பு. அன்றைக்குச் சங்கசூடன் என்ற நாகத்தின் முறை. தாய் அழுகிறாள். அவனுக்குப் பதில் ஜீமூதவாகனன் போய்ப் பாறையில் படுத்துக்கொள்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. போகாவிட்டாலும் யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். அதனால்தான் அதைச் சம்மதம் என்று ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் கருடன் வெட்கப்பட்டு, இனிக் கொல்வதில்லை என்கிறான். அமுத மழை பெய்கிறது. ஜீமூதவாகனன் எழுந்ததோடு கதை முடியவில்லை. அந்த எலும்பு மலையும் உயிர்பெற்று எழுகிறது.

என் பேத்தியின் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். முன்னால் போனவர்களை அது மறக்கவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள், கடை முதலாளிகள், அப்பா அம்மாக்கள். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்லத் தோன்றும்போது இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும்? இந்த ஏற்பாட்டில் பலசாலி விட்டுக்கொடுத்தது என்ன?

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பேத்திக்கு அதே கதையை மறுபடி சொன்னேன். முயலுக்கு முன்னால் போனவர்களுக்கு அவளே பேர் வைத்தாள். காட்டெருமை, முள்ளம்பன்றி, இரண்டு மான்... பதினோரு பேர் வரை போனது. கிணறு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதலாம், இப்போது என் கையில் பிரம்பு இல்லை. அக்காவுக்குப் போன் இல்லை. இந்தப் பதிவை ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாசித்துக் காட்டப் போகிறேன்.

எல்லாரும் நல்லா இருங்க.