பொன்னில் பொறித்த கொலம்பஸ்

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. சர்க்கார்கள் வெளியிடும் ஞாபகார்த்த நாணயங்களில் முதற் பொருள் நிச்சயமாக இருக்கும். இரண்டாவதைச் சற்றுத் தேடிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ப்ளாரிடா கரைக்குத் தென்கிழக்கே சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டம் பஹாமாஸ். பிரிட்டிஷார் வசமிருந்த அத்தீவுகளுக்கு 1964-ல் உள்நாட்டு சுயாட்சி தரும் அரசியல் சட்டம் கிடைத்தது; பூரண சுதந்திரம் 1973 ஜூலை 10-ந் தேதி வந்தது. நடுவே 1967-ல், அச்சட்டத்தின் ஞாபகார்த்தமாக நான்கு தங்க நாணயங்கள் வெளியாயின. இருபது டாலர் நாணயத்தின் எடை, நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிந்த ஒரு சவரன். நூறு டாலருடையது ஐந்து சவரன். பெயர் டாலர், எடை என்னவோ லண்டன் எடைதான்! ஒரு பக்கம் எலிஸபெத் ராணி. நூறு டாலரின் மறு பக்கம் கொலம்பஸ்.

1492 அக்டோபர் 12-ந் தேதி கொலம்பஸ் கரையிறங்கியது இத்தீவுகளில் ஒன்றில்தான். அங்கு வாழ்ந்த லுக்காயர்களின் மூக்கில் பொன் துணுக்குகள் தொங்கக் கண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததை அவனே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான். பிறகு ஸ்பானியர் அம்மக்களைச் சுரங்க வேலைக்கும் முத்துக் குளிப்புக்கும் பிடித்துச் சென்றனர். ஒரு தலைமுறைக்குள் தீவுகள் வெறிச்சோடிப் போயின. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று பிள்ளைகள் வகுப்பில் ஒப்பிக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று நாம் கேட்பதுண்டு. பொன்னைத் தேடி வந்தவனைப் பொன்னிலேயே பொறித்ததைப் பார்க்கும்போது அக்கேள்வி மீண்டும் எழுகிறது.

இன்றைய பஹாமாஸ் மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அடிமைகளின் வழி வந்தவர்கள். நாணயம் வெளியான அதே 1967-ல், ஜனவரி 10-ந் தேதி நடந்த தேர்தலில், வெள்ளை வியாபாரிகளின் கட்சிக்கும் இம்மக்கள் ஆதரித்த கட்சிக்கும் ஆளுக்குப் பதினெட்டு ஸ்தானங்கள் கிடைத்தன. எஞ்சிய இருவரின் துணையால் லிண்டன் பிண்ட்லிங் ஆட்சி அமைத்தார். பொன்னில் பொறிக்கத் தக்க சம்பவம் அதுவன்றோ?

சுதந்திரம் பெற்றபின் கொலம்பஸைத் துடைத்தெறிந்து விட்டார்களென்று நேயர்கள் எண்ண வேண்டாம். அவனது 'ஸாந்தா மரியா' கப்பல் அத்தேசத்தின் இலச்சினையில் இன்றும் மிதக்கிறது. அது அவர்கள் இஷ்டம், நமக்கு ரசிக்கவில்லை. ஆயினும் அக்டோபர் விடுமுறையான 'கண்டுபிடிப்பு நாள்' 2013-ல் 'தேசிய வீரர் தினம்' ஆயிற்று. ஜனவரி 10-ந் தேதியும் 2014 முதல் அங்கே விடுமுறை நாள்.