பூட்டைத் திறக்கும் கலை: யாருடைய அனுமதியுடன்?



சில ஆண்டுகளுக்கு முன், பொறியியல் பயிலும் என் மகனின் மேசை இழுப்பறையில் ஒரு சிறு தோலுறையைக் கண்டேன். அதனுள்ளே நுனி வளைந்த மெல்லிய எஃகுக் கம்பிகள் இருந்தன. அருகில், உட்பகுதி முழுவதும் வெளியே தெரியும்படி செய்யப்பட்ட பூட்டொன்று கிடந்தது. விசாரித்தபோது, சாவியின்றிப் பூட்டைத் திறக்கப் பழகுவதே தன் பொழுதுபோக்கு என்றான். உடனிருந்த என் மாமியார், "கள்ளன் பழகுற வேலைய நம்ம புள்ள பழகுறானே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதே அச்சம்தான்.

இது சட்டப்படி குற்றமா? மார்க்கத்தின் பார்வையில் இதற்கு இடமுண்டா? விடை தேடி நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். பூட்டைத் திறக்கும் அறிவில் குற்றமில்லை. யாருடைய அனுமதியோடு திறக்கிறோம் என்ற இடத்தில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. எளிதாகத் தோன்றும் இந்த விடை எவ்வளவு கடினமானது என்பதை, அந்த மாமியாரின் பீரோவே பின்னாளில் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

இன்று நம் கதவுகளில் உள்ள பூட்டுகளில் பல, 1860களில் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் செம்மைப்படுத்திய அமைப்பைச் சார்ந்தவை. சாவி நுழையும் உருளையில் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியும் இரு துண்டுகளால் ஆனது. உரிய சாவி நுழைந்தால் எல்லாத் துண்டுகளின் பிளவும் ஒரே கோட்டில் அமையும், உருளை சுழலும். எத்தனை நுணுக்கமாகக் கடைந்தாலும் ஊசித் துளைகள் மயிரிழையேனும் விலகியே இருக்கும். அந்த விலகலை விரல் நுனியால் உணர்ந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக நிலைநிறுத்துவதே இக்கலை. இதற்கு வலிமை தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஜெர்மனியில் 1997 முதல் இதற்கெனவே சங்கம் இயங்கிவருகிறது, போட்டிகளும் நடைபெறுகின்றன. இதில் ஈடுபடுவோர் பொதுவாக இரண்டு விதிகளைப் பேணுகின்றனர். ஒன்று, தனக்குரியதல்லாத பூட்டை உரியவரின் அனுமதியின்றித் தொடலாகாது. மற்றொன்று, பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகலாகாது.

"இத்தகைய அறிவு பரவினால் திருடருக்கன்றோ உதவும்?" என்ற கேள்வி நியாயமானது, பழமையானதும்கூட. 1851இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சிக்கு ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி வந்தார். திறக்கவே இயலாதது எனப் புகழ்பெற்றிருந்த சப் நிறுவனப் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பின்னர், 200 கினி பரிசு அறிவிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகளாக எவராலும் திறக்கப்படாதிருந்த பிரமா நிறுவனப் பூட்டை எடுத்துக்கொண்டார். 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். நாட்டில் பெரும் சலசலப்பு எழுந்தது. திருடர்கள் இவற்றையெல்லாம் முன்பே அறிந்திருக்கிறார்கள், அறியாதிருப்பவர்கள் நேர்மையான மக்களே என்பது ஹாப்ஸின் வாதம்.

அவ்வாதத்தில் உண்மையிருப்பதை நம் காலத்திலும் கண்டோம். 2004இல், கிரிப்டோனைட் நிறுவனத்தின் மிதிவண்டிப் பூட்டுகள் சிலவற்றைச் சாதாரணப் பேனாவின் குழாயைக் கொண்டே திறக்கலாம் என்பது வெளிப்பட்டது. அதன் பின்னரே அந்நிறுவனம் பழைய பூட்டுகளைப் பெற்றுக்கொண்டு புதியவற்றை மாற்றித் தந்தது. குறை மறைக்கப்பட்டிருந்தால் இழப்பு, நம்பி வாங்கியவர்களுக்கே.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆவது பிரிவு, அத்துமீறி வீடு புகுவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் 'வீட்டை உடைத்துப் புகுதல்' என்ற குற்றத்தில் சேர்க்கிறது. பூட்டு சிதையாமல் நயமாகத் திறக்கப்பட்டது என்பது அங்கே சாக்காகாது. 334ஆவது பிரிவு இன்னும் கவனத்திற்குரியது. பொருள் வைத்து மூடப்பட்ட பெட்டியை நேர்மையற்ற நோக்கத்துடன் திறந்தால் இரண்டாண்டு வரை சிறை. அப்பெட்டி தன்னிடமே ஒப்படைக்கப்பட்டிருந்து, திறக்கும் அதிகாரம் இல்லாத நிலையில் அதே நோக்கத்துடன் திறந்தால் மூன்றாண்டு வரை. அந்நியன் செய்வதைவிட, அமானிதமாகப் பெற்றவன் செய்யும் துரோகம் கனமானது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். திருட்டுக்குப் பயன்படுத்தும் நோக்கில் ஒரு கருவியை வீட்டுக்கு வெளியே உடன் வைத்திருப்பதையே இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. ஜப்பானில் 2003இல் இயற்றப்பட்ட சட்டம், தொழில் போன்ற தக்க காரணமின்றி இத்தகைய சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதையே தடைசெய்கிறது. படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு செல்லும் இளைஞன், தன் ஊரில் விளையாட்டாக இருந்தது அங்கும் விளையாட்டாகவே கருதப்படும் என எண்ணிவிடலாகாது.

சட்டம் நோக்கத்தைச் சாட்சியங்களைக் கொண்டு ஊகிக்கிறது. இறைவனோ நிய்யத்தை நேரடியாக அறிகிறான். பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. உள்ளே எவரும் இல்லையென்றாலும் அனுமதியின்றி நுழையக் கூடாது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும். இதைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். ஆளில்லாத வீடும் ஆளுள்ள வீட்டைப் போன்றே மதிக்கப்படுகிறது. கதவின் வலிமை அங்கே பேசப்படவே இல்லை. திறந்து கிடக்கும் வாசலும் அனுமதியின்றிக் கடக்கத் தகாததே. நம் கண்ணில் படும் பூட்டு, முன்பே விதிக்கப்பட்ட ஓர் எல்லையின் அடையாளம் மட்டுமே.

இனி, அந்தப் பீரோவுக்கு வருகிறேன்.

மாமியார் சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் இறையடி சேர்ந்தார்கள். ஜனாஸா முடிந்த மறுநாள், அவர்களுடைய இரும்புப் பீரோவின் சாவி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மருத்துவமனைக் கணக்கை முடிக்க வேண்டிய தாள்கள் அதற்குள் இருந்தன. என் மைத்துனர் என் மகனை அழைத்து, "தம்பி, உனக்குத்தான் இந்த வேலை தெரியுமே, திறந்து விடு" என்றார். அவர் ஐவேளைத் தொழுகையும் நாணயமும் தவறாதவர். அவருடைய நோக்கத்தில் கடுகளவும் ஐயமில்லை.

மகன் கம்பிகளை எடுக்கவில்லை. "மாமு, இந்தப் பூட்டு இப்ப யாருடையது?" என்று கேட்டான்.

"நன்னியோடதுதான். இதென்ன கேள்வி?"

"நன்னிதான் இல்லையே மாமு. அப்ப இது எல்லாருக்கும் உரியதல்லவா? சின்னம்மா சிங்கப்பூர்ல இருந்து வந்துடட்டும். எல்லாரும் இருக்கும்போது திறக்கிறேன்."

பெரியவரிடம் எதிர்த்துப் பேசுகிறானே என்று நான் அவனைக் கடிந்துகொண்டேன். அதை இன்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. மைத்துனரின் முகமும் வாடியது. எனினும் அவன் அசையவில்லை. இரண்டு நாட்கள் கழித்து, பிள்ளைகள் மூவரும் கூடியிருக்கையில் பீரோ திறக்கப்பட்டது. பூட்டில் கீறலும் விழவில்லை.

தாள்களும் நகைகளும் இருந்தன. அவற்றின் அடியில், கைக்குட்டை முடிச்சொன்றில் பணம் இருந்தது. உடன் இருந்த துண்டுத்தாளில் அடுத்த தெருவில் வாழும் கணவரை இழந்த பெண்மணி ஒருவரின் பெயர் எழுதியிருந்தது. மகளின் நிக்காஹ்வுக்காக அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த அமானிதம் அது. மூவரும் ஒன்றாக அதைப் படித்தார்கள். அன்று மாலையே பணம் உரியவரிடம் சேர்ந்தது.

மைத்துனர் பின்னர் என்னிடம் கூறினார்: "மச்சான், அன்னிக்கு அவசரத்துல தனியாத் திறந்திருந்தா, அந்தத் துண்டுத்தாளை நான் பார்த்திருப்பேனோ என்னமோ. பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தாலும், வேற எதுவும் இல்லையான்னு தங்கச்சிங்க மனசுல ஒரு கேள்வி நின்னிருக்கும்."

பூட்டு மூடியிருந்தது ஒருவரின் உடைமையை மட்டுமல்ல. வாரிசுகளின் உரிமையும் அந்நியப் பெண்ணொருத்தியின் நம்பிக்கையும் அதற்குள் இருந்தன. திறக்கச் சொன்னவர் நல்லவராகவே இருந்தார். ஆனால் அனுமதி வழங்கும் உரிமை அவர் ஒருவருக்கு மட்டும் இருக்கவில்லை. கணவன் மனைவியின் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். வீட்டு உரிமையாளர் வாடகைக்கு இருப்பவரின் அறையைத் திறக்கச் சொல்லலாம். கேட்பவர் வேறு, உரியவர் வேறு என்பதைப் பிரித்தறியத் தெரியாத கையில் இக்கலை ஆபத்தானது.

ஆகவே, பிள்ளையிடம் இத்தகைய கருவிகளைக் கண்டால் பறித்து வீசிவிடாதீர்கள். மறைவில் பழகுவதைவிட நம் கண்முன் பழகுவது மேல். விலைக்கு வாங்கிய தன் பூட்டுகளில் மட்டும் பழகட்டும். கருவிகள் வீட்டிலேயே இருக்கட்டும்; சட்டைப் பையில் சுமந்து திரிவது வீண் சந்தேகத்தை வரவழைக்கும். நண்பரின் விடுதி அறையில் வேடிக்கைக்காகக்கூடத் திறந்து காட்ட வேண்டாம். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவருக்கு உதவ நேர்ந்தால், அவர்தான் உரியவர் என்பதை அக்கம்பக்கத்தார் இருவரேனும் உறுதிசெய்த பின் திறக்கட்டும். ஐயமிருந்தால் விலகிக்கொள்வதே நலம்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, கஅபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. அந்நகரில் அன்று அவர்களைத் தடுக்க வல்லவர் எவருமில்லை. எனினும் சாவி, அதைக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி அளிக்கப்பட்டது. எதையும் திறக்க வல்ல கை, உரியவரிடம் சாவியை ஒப்படைத்த நிகழ்ச்சி அது. நம் பிள்ளைகளுக்குக் கம்பியைப் பிடிக்கக் கற்றுத் தருவோர் பலர் உண்டு. "இந்தப் பூட்டு யாருடையது?" என்று கேட்கக் கற்றுத் தர வேண்டியவர்கள் நாம்தான்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.