வாசிகசாலைக்குப் பூட்டா?

"கைத்தொலைபேசியிலேயே பத்திரிகை வருகிறது, இனி வாசிகசாலை எதற்கு?" என்கின்றனர் நம்மூர் அறிவாளிகள். செய்தி வருகிறது, ஐயா. பக்கத்து வாங்கில் இருப்பவரும் அதில் வருவாரா?

யாழ்ப்பாணத்துக் கிராமத்து வாசிகசாலையில், 1930 முதல் வெளிவரும் வீரகேசரியின் ஒரேயொரு பிரதியை நால்வர் தாள் தாளாகப் பிரித்து வாசிப்பர். நடுத்தாளுக்குக் காத்திருப்பவர் சும்மா இருக்கமாட்டார். வெங்காய விலையில் தொடங்கி வெளிநாட்டுக் கொள்கைவரை விளாசுவார். (ஆசிரியத் தலையங்கங்களில் அத்தனை காரம் நாம் கண்டதில்லை.) மரண அறிவித்தலை ஒருவர் உரத்து வாசிக்க, "ஐயோ, எங்கட கணக்கு வாத்தியார்!" என்று மற்றவர் எழும்புவார். இருவருமாகச் சைக்கிள் உழக்கிச் செத்தவீட்டுக்குப் போவர்.

இக்கட்டடத்தைக் கடைக்கு வாடகைக்கு விடத் துடிப்போரே, அந்த முதியவர்கள் நாளைக் காலை எங்கே அமர்வது? அதை முதலிற் சொல்லுங்கள்.