சேவ் என்னும் சிறு சொல்



ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்றொரு சிறிய சொல் உண்டு. நம் கீழவைப்பாரில் ஆங்கிலம் படியாதவரும் அதை நாள்தோறும் வழங்குகிறார்கள். கைபேசி எண்ணைச் சேவ் செய்கிறோம். படத்தைச் சேவ் செய்கிறோம். வங்கியில் வைத்திருப்பது சேவிங்ஸ் கணக்கு. பந்து வலைக்குள் புகாமல் கோல்கீப்பர் தடுத்தால் அதுவும் சேவ். (முகம் மழிப்பதையும் நாம் அப்படியே உச்சரிப்பது வேறு கதை.) 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், மறுரூப மலையில் மோசேயும் எலியாவும் மறைந்தபின் இயேசு ஒருவரே எஞ்சி நின்றதைச் சொல்லுமிடத்தில் (மத்தேயு 17:8), ‘தவிர’ என்னும் பொருளில் வந்திருப்பதும் இச்சொல்லே.

இத்தனை பொருள்களுள் ‘பத்திரமாய் எடுத்துவை’ என்பதே நம் சிந்தையைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். இரட்சிப்பையும் அவ்வாறே எண்ணுகிறோம். இரட்சிக்கப்பட்ட நாளைக் கேட்டால் தேதி சொல்கிறோம். ஒருமுறையும் அழைக்காத எண்ணைப்போல் அது உள்ளே கிடக்கிறது.

மாற்கு 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாடுள்ள ஸ்திரீயின் வரலாற்றில் 28ஆம் வசனம் ‘சொஸ்தமாவேன்’ என்கிறது. 34ஆம் வசனம் ‘இரட்சித்தது’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். கடலில் அமிழ்ந்த பேதுரு கூப்பிட்டதும் அதே சொல்லால்தான் (மத்தேயு 14:30). அவன் வேண்டியது மறுமைக்கான பத்திரமன்று; அந்நொடியில் ஒரு கை.

இதை நம் கடற்கரைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கல்லோடு இறங்கினவனின் உயிர் தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. மச்சானையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று பெரியோர் சொல்வதுண்டு; இறங்கினவன் மாண்டால் தாலியறுப்பவள் இவனுடைய தங்கை அல்லவா! கயிறு அசைந்தவுடன் இவன் இழுத்தான். கீழே இருப்பவன் யோக்கியனா, கடன்காரனா என்று விசாரித்து நிற்கவில்லை.

இன்று சங்கு குளிப்போர் கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்குகிறார்கள், கயிறு போய்விட்டது. ஆயினும் கந்துவட்டியிலும் குடியிலும் அமிழ்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். “முதலில் அவன் மனந்திரும்பட்டும், பிறகு பார்ப்போம்” என்று சபையில் சொல்லக் கேட்கிறேன். அதை என்னால் ஏற்க இயலவில்லை. மனந்திரும்புதலுக்கும் மூச்சு வேண்டுமே!

உங்கள் தெருவில் இவ்வாரம் எந்தக் கயிறு அசைந்தது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஞாயிறு ஆராதனைவரை காத்திராமல், இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.