வானத்துக் கடிகாரங்கள்

சென்ற மாதம் ஒரு கலியாணத்துக்காக நண்பர் ஒருவரின் மோட்டாரில் நாமும் பிரயாணம் செய்தோம். யாருக்கும் வழி தெரியாத கிராமம். நண்பரின் கைபேசி, "இடப் பக்கம் திரும்புங்கள்" என்று கட்டளையிட, அவரும் அதைச் சிரமேற்கொண்டு வண்டியைத் திருப்பி வந்தார். பின் ஆசனத்திலிருந்த அவருடைய வயோதிகத் தாயார், "ஏண்டா அப்பா, மேலேயிருந்து எவனாவது நம்மையே பார்த்துக்கொண்டு வருகிறானா?" என்று கேட்டார்.

"ஆமாம், அம்மா! சாட்டிலைட் பார்க்கிறது" என்றார் நண்பர்.

அம்மையாரின் கேள்வி வெகு நியாயமானது. பிள்ளையின் பதில்தான் தவறு.

வழி காட்ட உதவும் செயற்கைக் கோள்கள் யாரையும் பார்ப்பதில்லை. பூமியில் நாம் ஒருவர் இருக்கிறோம் என்பதே அவற்றுக்குத் தெரியாது. வானொலி நிலையத்தில் பாடுகிறவருக்கு நம் வீட்டுத் திண்ணை தெரியுமா? அதுபோலத்தான். அவை பேசுகின்றன; நம் கைபேசி கேட்கிறது; அவ்வளவே.

அவை என்னதான் பேசுகின்றன? "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் இப்பொழுது இன்ன மணி" என்ற இரண்டு செய்திகளையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் அதன் தூரத்தைக் கணக்கிடும் வித்தையைச் சிறுவர்களும் அறிவார்கள். இங்கும் அதே கணக்குத்தான். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ரேடியோ அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,00,000 கிலோமீட்டர். தலைக்கு நேரே உள்ள கோளிலிருந்து செய்தி வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். செய்தி எவ்வளவு தாமதித்து வந்தது என்று பார்த்துக் கைபேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடம் அகப்பட்டுவிடும்.

ஆனால் ஒரு சங்கடம். கடிகாரம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். கலியாணப் பந்தலுக்குப் பதிலாகக் குளக்கரையில் போய் நிற்போம்! ஆகையால்தான் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். கைபேசியின் சாதாரணக் கடிகாரமோ நான்காவது கோளொன்றின் துணைகொண்டு தன் பிசகைத் திருத்திக்கொள்கிறது.

ஆக, வானத்திலிருந்து நமக்கு வருவது வழியன்று, நேரம். வழியைச் சொல்வது கைபேசியிலுள்ள தேசப்படமே. எந்தச் சாலையில் நெரிசல் என்று அறிவதற்காக, நம் இருப்பிடத்தை இணையத்தின் வழியே படக் கம்பெனிக்கு அனுப்புவதும் அந்தக் கைபேசியே. அம்மையார் சந்தேகித்த ஒற்றன் வானத்தில் இல்லை. முன் ஆசனத்திலேயே இருக்கிறான்!

சரி, அந்த நேரம் யாருடையது? ஜி.பி.எஸ். அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து. 2000-ம் வருஷம் மே மாதம் வரையில் அவர்கள் பொதுஜனங்களுக்குரிய செய்தியை வேண்டுமென்றே சற்றுக் குழப்பி அனுப்பிவந்தார்கள். அதனால் இடம் 100 மீட்டர் வரையில் பிசகும். பிறகு அதை நிறுத்தியது நல்ல காரியந்தான். ஆயினும், இரவல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது இரவல் கொடுத்தவரல்லவா?

இதை உணர்ந்தே நம் தேசம் 'நாவிக்' என்ற சொந்த ஏற்பாட்டைத் தொடங்கி, 2013 முதல் 2016-க்குள் ஏழு கோள்களை ஏவியது. ராக்கெட் நம்முடையது, கோளும் நம்முடையது, உள்ளே இருந்த அணுக் கடிகாரம் மட்டும் அயல்நாட்டில் வாங்கியது. முதற் கோளின் மூன்று கடிகாரங்களும் பழுதாயின. வேறு சில கோள்களிலும் அவ்வாறே நேர்ந்தது. நாம் செய்தவை ஓடின, வாங்கியது நின்றது!

2023-ம் வருஷம் மே மாதம் ஏவிய கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் இடம்பெற்றது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோள் உரிய பாதையை அடையவில்லை என்பது வருந்தத்தக்கதே. ஆனால் கடிகாரம் செய்யக் கற்ற கை மறுபடியும் செய்யும்.

ராக்கெட் கிளம்பும்போது நம் குழந்தைகள் கைதட்டுகிறார்கள், தட்டட்டும். அதற்குள் சப்தமின்றி ஓடும் சிறு கடிகாரத்தைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்வது நம் கடமை. வேளை பார்க்க அயல் வீட்டை எட்டிப் பார்க்கும் குடித்தனம் எத்தனை நாள் நடக்கும்?